கடலடி எண்ணெய்த் தேடுதலுக்கு முன் அரசாங்கம் செய்யும் கடற்சூழல் ஆய்வு: எங்கள் சங்கம் ஒத்துழைக்க வேண்டுமா?

தீவகச் செயலாளர் எழுதியது:

மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். மன்னார்ப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவது பற்றிய செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், எங்கள் பாக்கு நீரிணையும் காவேரிப் படுகையின் பகுதியாக அதே வரைபடத்தில் இருப்பதை இளைஞர்கள் கைத்தொலைபேசியில் காட்டி, அடுத்தது நாங்களா என்று கேட்கிறார்கள். சென்ற பொதுக்கூட்டத்தில் இந்தப் பேச்சு நீண்டு, கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நின்றது. தேடுதலுக்கு முன்னோடியாக அரசாங்கச் செலவில் ஒரு கடற்சூழல் ஆய்வு வந்து, எங்களிடம் பிடிவிபரம் கேட்டு, எங்கள் வள்ளங்களில் ஏறி மாதிரி எடுக்க விரும்பினால், சங்கம் இணங்க வேண்டுமா, மறுக்க வேண்டுமா?

மறுக்க வேண்டும் என்போர், அது கம்பனிக்குப் பாதை வெட்டும் வேலை என்றும், நாங்கள் கொடுக்கும் தகவல் எங்களுக்கு எதிராகவே திரும்பும் என்றும் சொல்கிறார்கள். இணங்க வேண்டும் என்போர், ஆய்வே இல்லாமல் கம்பனி வந்து இறங்கினால் நட்டஈடு கேட்கக்கூட எங்களிடம் ஒரு தாள் இருக்காது என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இப்படியான ஆய்வுகள் வேறு நாடுகளில் நடந்து எதைக் கண்டுபிடித்தன, அவற்றால் கடற்றொழிலாளருக்குப் பயன் இருந்ததா, அரசாங்கப் பணம் என்ற ஒன்றுக்காக அவற்றை நம்பலாமா என்பதை விபரம் தெரிந்தவர்கள் எழுதினால் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன். எங்கள் ஆட்கள் செவுள் வலை, நண்டு வலை, களங்கண்டி (ஆழங்குறைந்த கடலில் நட்டு வைக்கும் வலைப்பொறி), தூண்டில் ஆகியவற்றால் தொழில் செய்பவர்கள். சிலருக்குக் கடலட்டைப் பண்ணையும் உண்டு. பதில் எழுதும்போது இதனையும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேர்கன்வாசி எழுதியது:

வணக்கம் ஐயா. பருத்தித்துறையில் பிறந்து, இப்போது நோர்வேயின் பேர்கன் நகரில் கடல் உயிரியல் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.

எண்ணெய் தேடுவதன் முதற்படி கிணறு தோண்டுவதன்று. கப்பலொன்று காற்றழுத்தத் துப்பாக்கிகளை இழுத்துச் சென்று, சில வினாடிகளுக்கு ஒருமுறை நீருக்குள் பெருஞ்சத்தத்தை எழுப்பி, கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்வதே முதற்படி. நோர்வேயில் மீனவர்கள் இந்தச் சத்தத்தால் மீன் ஓடுகிறது என்று முறையிட்டபோது, அரசின் கடலாராய்ச்சி நிறுவகம் 1992 இல் பேரன்ட்ஸ் கடலில் இதனைச் சோதித்தது. முடிவு 1996 இல் வெளியானது. சத்தம் எழுப்புவதற்கு முன்பும், எழுப்பும்போதும், நிறுத்திய பின்பும் ஒரே முறையில் மீன் பிடித்துப் பார்த்தார்கள். சத்தம் எழுப்பிய பகுதிக்குள் இழுவலையில் கிடைத்த கொட், ஹடொக் மீன்களின் அளவு ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. 18 கடல்மைல் தூரம் வரை பார்த்தபோது சராசரியாகப் பாதியாகக் குறைந்திருந்தது. சத்தம் நின்று ஐந்து நாட்களாகியும் பழைய நிலை திரும்பவில்லை. முறைப்பாட்டை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட இடமில்லாமற் செய்தது அந்த ஆய்வு.

ஆயினும் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியது இதற்குப் பின் வந்த ஆய்வை. 2009 இல் வட நோர்வேயின் வெஸ்டரோலன் கரைக்கப்பால், நில அதிர்வு அளவை எனப்படும் இந்தச் சத்தமெழுப்பும் தேடுதல் நடந்தபோது, நோர்வேயின் பெற்றோலியப் பணிப்பகமே செலவைக் கொடுத்து, அதே கடலாராய்ச்சி நிறுவகத்தைக் கொண்டு மறுபடியும் ஆராய்ந்தது. இம்முறை தூண்டிலில் பிடி குறைந்தது. ஆனால் கிறீன்லாந்து ஹலிபற், செம்மீன் என்று நாங்கள் சொல்லும் ரெட்ஃபிஷ் ஆகிய இனங்கள் செவுள் வலையில் முன்னரைவிட அதிகமாகவே பட்டன. ஆய்வாளர் தந்த விளக்கம் இது: சத்தத்தால் கலவரமடைந்த மீன் கூடுதலாக நீந்துகிறது, ஆகவே நின்ற வலையில் போய்ப் படுகிறது, அதே கலவரத்தால் இரையை நாடுவதில்லை, ஆகவே தூண்டிலை எடுப்பதில்லை. மொத்தப் பிடியை மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வு இந்த வேறுபாட்டைத் தவறவிட்டிருக்கும். வலைக்காரரிடம் மட்டும் கேட்டிருந்தால் பாதிப்பே இல்லை என்று எழுதியிருப்பார்கள். தூண்டில்காரரிடம் மட்டும் கேட்டிருந்தால் எல்லாமே அழிந்தது என்று எழுதியிருப்பார்கள். உங்கள் சங்கத்தில் இரு வகையினரும் இருப்பதால், தொழில்முறை வாரியாகப் பிரிக்காத எந்தப் பிடிவிபர ஆய்வுக்கும் இணங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கிணறு தோண்டிய பின் நடப்பது வேறு கதை. வட கடலில் உள்ள எக்கோபிஸ்க் எண்ணெய் வயலைச் சுற்றிக் கடலடியைக் கண்காணிக்கும் செலவைக் கம்பனிகள் கொடுத்தன. ஆனால் எந்த முறையில், எங்கே, எத்தனை மாதிரி எடுப்பது என்பதை அரசு வகுத்தது. தரவுகளும் அரசிடம் சேர்ந்தன. அந்த மாதிரி எடுக்கும் வேலையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு இரும்புத் தாடைகள் கொண்ட அள்ளியைக் கயிற்றில் இறக்கி, ஒரு சதுர மீற்றரில் பத்திலொரு பங்கு பரப்புச் சேற்றைக் கவ்வி எடுத்து, ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கடல் நீரூற்றிக் கழுவுவார்கள். அரிதட்டில் மிஞ்சும் புழு, சிப்பிக்குஞ்சு, சிற்றிறால் எல்லாவற்றையும் ஃபோர்மலினில் இட்டு, கரையில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக இனம் பிரித்து எண்ணுவார்கள். கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆனால் பாதிப்பு எங்கே முடிகிறது என்பதைச் சொல்வது அந்தப் புழுக்கள்தான். முதலில், மேடையிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்துக்கு மட்டுமே பாதிப்பு உண்டு என்று கருதப்பட்டது. பிறகு சுயாதீன ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, எல்லா இனங்களையும் ஒருங்கே ஒப்பிடும் வேறு கணிப்பு முறையில் பார்த்து, 1990 இல், மாற்றம் இரண்டு மூன்று கிலோமீற்றர் வரை தெரிகிறது என்று காட்டினார்கள். எண்ணெய் கலந்த தோண்டற் கழிவைக் கடலில் கொட்டுவதற்கு 1993 இல் நோர்வேயில் கடுமையான எல்லை வந்ததற்கு இப்படியான முடிவுகளே ஆதாரம். தரவு பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இது எதுவும் நடந்திராது.

வடமராட்சி ஓடி எழுதியது:

தம்பி பேர்கன்வாசி எழுதியது நல்ல விளக்கம். ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. அதனை ஒளிக்காமல் எழுதுகிறேன். பிடிவிபரம் கேட்பவர்கள் எங்கே பிடித்தாய் என்றும் கேட்பார்கள். அறக்குளா மீன் எந்தத் திட்டில் நிற்கும், சோளகக் காற்றுக் காலத்தில் எங்கே போவது, வாடைக்காற்றுக் காலத்தில் எங்கே போவது என்பதெல்லாம் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லும் தகவல். பக்கத்து வாடிக்காரனுக்கே சொல்வதில்லை. அதனை ஜி.பி.எஸ். எண்ணாக எழுதிக் கொடுத்தால், அது நாளைக்கு யார் கைக்குப் போகும்? இரவில் வரும் இழுவைப்படகுகளுக்கு நாங்களே வழிகாட்டியதாகிவிடாதா? இதற்குப் பதில் கிடைக்கும் வரை எங்கள் துறையில் ஒருவரும் இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

நீரியல் ஆசிரியன் எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் கடற்றொழிற் பாடம் கற்பிப்பவன் என்ற முறையில், எங்கள் கடலைப் பற்றிச் சில விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். வடமராட்சி ஐயாவின் கேள்வி மிகச் சரியானது. அதற்குக் கீழே வருகிறேன்.

மன்னாரில் 2011 இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்ட டொராடோ கிணறு 1,354 மீற்றர் ஆழமான கடலில் தோண்டப்பட்டது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. ஆகவே மன்னார் ஆழ்கடலுக்காகச் செய்யப்பட்ட எந்த ஆய்வையும் எடுத்து வந்து, இது உங்களுக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அங்கே கிணற்றிலிருந்து விழும் தோண்டற் கழிவு ஆயிரம் மீற்றருக்கு மேல் நீரில் பரவி இறங்கும். இங்கே விழுந்த இடத்திலேயே சாதாழை என்னும் கடற்புற் படுக்கையின் மேல் படியும். 2018 இல் ‘டொக்டர் பிரித்யோவ் நன்சன்’ என்ற நோர்வே ஆராய்ச்சிக் கப்பல் எங்கள் நாரா என்னும் அரச நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து இலங்கையைச் சுற்றிய கடலை ஆராய்ந்தது நல்ல வேலைதான். ஆனால் 74 மீற்றர் நீளமான கப்பலை நெடுந்தீவுக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் விட்டு வேலை செய்ய முடியாது. ஆழங்குறைந்த கடலைச் சிறிய படகுகளில்தான் ஆராய வேண்டும். சிறிய படகும் அதன் ஓட்டமும் தெரிந்தவர்கள் உங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆய்வாளருக்கு நீங்கள் தேவை என்ற இந்த நிலையே உங்கள் பேரம்பேசும் பலம்.

எண்ணெய்த் தேடுதல் எங்கள் கடலுக்குப் புதிதுமன்று. பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுக்கு அருகிலும் 1976 இல் கிணறுகள் தோண்டப்பட்டன. பருத்தித்துறைப் பக்கம் 1981 இல் தோண்டப்பட்டது. வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்ற சட்டக் கடப்பாடே இந்நாட்டில் இருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988 இல் செய்த திருத்தத்தினால்தான் அது பெருந்திட்டங்களுக்குப் பொதுவாக வந்தது. தோண்டற் சேற்றில் கலக்கும் பாரைற்றுக் கனிமத்தில் உள்ள பேரியம் அழியாமல் மண்ணில் தங்கும் என்பதால், அந்தப் பழைய இடங்களில் இன்றும் மண் எடுத்துப் பார்ப்பது ஒரு நல்ல முதலாய்வாக இருக்கும் என்று மாணவர்களிடம் சொல்லி வருகிறேன்.

இனி முக்கியமான விடயம். ஆய்வின் பெறுமதி அது தொடங்கும் நேரத்தில் இருக்கிறது. அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் குடாவில் 1989 மார்ச்சில் எக்ஸன் வல்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1993 இல், அந்தக் குடாவின் ஹெறிங் மீன்வளம் சரிந்து வீழ்ந்தது. எண்ணெயாலா, நோயாலா, இரைப் பற்றாக்குறையாலா என்று அரசாங்க விஞ்ஞானிகளும் கம்பனியின் விஞ்ஞானிகளும் நீண்டகாலம் வாதிட்டார்கள். கொட்டுவதற்கு முன் அந்த மீன்கூட்டத்தின் உடல்நிலை பற்றிப் போதிய அளவீடு இல்லாதபடியால் வாதம் முடிவுக்கு வரவில்லை. அதற்கிடையில் ஹெறிங்கை நம்பியிருந்த மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். எங்கள் நாட்டிலும் 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது, கரையொதுங்கிய ஆமைகள் கப்பலால் இறந்தனவா, ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் இறப்பவைதாமா என்று விவாதம் எழுந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். 2025 யூலையில் உயர்நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. ஆனால் முன்னைய அளவீடு எவ்வளவு கையில் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் ஒரு வழக்கை உறுதியாக நிறுவ முடியும் என்பது துறைசார்ந்த எவருக்கும் தெரிந்ததே.

எங்கள் கடலில் அந்த முன் அளவீட்டை ஒருமுறை எடுத்தால் போதாது. வாடைக்காலத்தில் வங்கக்கடல் நீர் தெற்கே இறங்குகிறது, சோளகத்தில் ஓட்டம் மாறுகிறது; நீரின் உப்பும் கலங்கலும் மீனும் மாறுகின்றன. ஒரு பருவத்தில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, அடுத்த பருவத்தில் கண்ட வேறுபாட்டை எண்ணெய்க்காரர் மேல் போட்டாலும் பிழை. எண்ணெயால் வந்த வேறுபாட்டைப் பருவத்தின் மேல் போட்டாலும் பிழை. குறைந்தது இரண்டு பருவங்களும், ஓர் ஆண்டுக்கு மேலும் வேண்டும். கடலட்டைப் பண்ணைக்காரர்கள் தனியாக ஒன்று கேட்க வேண்டும். வெள்ளை அட்டை மண்ணைத் தின்று வாழும் உயிர். மண்ணில் எண்ணெய்ச் சேர்மானம் இருந்தால் அது அட்டைக்குள் போகும். அட்டையின் உடலில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்ற ஆய்வுகூட அறிக்கை, நாளைக்கு ஏற்றுமதியில் பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று.

இடத்தைப் பற்றிய ஐயாவின் பயத்துக்கு வருகிறேன். ஆய்வுக்குத் திட்டின் ஜி.பி.எஸ். எண் தேவையில்லை. கடலைச் சில மைல் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, இந்த மாதத்தில் இந்தக் கட்டத்தில் இத்தனை படகு, இன்ன வலை, இத்தனை கிலோ என்று சங்கமே கூட்டிக் கொடுத்தால் போதும். தனிநபர் குறிப்புப் புத்தகம் சங்கத்தில் இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் வெளியே போகும். இதற்கு மறுக்கும் ஆய்வாளர் எவராயினும், அவருக்கு எதற்கு அந்த எண் என்று நானே கேட்பேன்.

மருதனார்மடத்துச் சட்டத்தரணி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் விஞ்ஞானத்தைச் சொன்னார்கள். அரசாங்கப் பணம் என்பதற்காக நம்பலாமா என்ற கேள்விக்கு ஒருவரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. நம்ப முடியாது என்பதே என் பதில். ஆனால் கம்பனிப் பணம் என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1973 முதல் இப்படியொரு சுற்றாடல் ஆய்வுத் திட்டம் அரசாங்கச் செலவில் நடந்து வருகிறது. 1978 இல் அதனைச் சட்டக் கடமையாகவும் ஆக்கினார்கள். தொடக்க ஆண்டுகளில் கண்ணிற் பட்ட எல்லாவற்றையும் அளந்து பெரும் பணம் செலவழித்தார்கள். எந்த முடிவை எடுப்பதற்கு இந்த அளவீடு என்ற கேள்வி இல்லாமலேயே அளக்கிறீர்கள் என்று தேசிய ஆராய்ச்சிப் பேரவை 1978 இல் கடிந்து எழுதிய பின்புதான் திட்டம் திருந்தியது. அதனைவிடப் பெரிய கோளாறு நிர்வாகத்தில் இருந்தது. கடற்பரப்பைக் குத்தகைக்கு விடுவது, குத்தகை வருமானத்தை அறவிடுவது, பாதுகாப்பைக் கண்காணிப்பது, சுற்றாடல் ஆய்வை நடத்துவது எல்லாம் ஒரே திணைக்களத்தின் கையில் இருந்தன. 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொறைசன் என்ற எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்துப் பதினொரு தொழிலாளர் இறந்து, 87 நாட்கள் எண்ணெய் கொட்டிய பின்னரே அந்தத் திணைக்களத்தை மூன்றாக உடைத்தார்கள். வருமானத்தை எதிர்பார்த்திருக்கும் கையே ஆய்வையும் எழுதினால், அரசாங்கப் பணமாக இருந்தும் என்ன பயன்? எங்கள் நாட்டில் தேடுதலை ஊக்குவிப்பது 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபை. ஆகவே ஆய்வைக் கேட்பவர் யார், அறிக்கை யாரிடம் போகிறது, அதில் கையொப்பமிடுவது நாராவா, பல்கலைக்கழகமா, கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையா என்பதுதான் சங்கம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அதே மெக்சிக்கோ வளைகுடா விபத்துக்குப் பின் பத்தாண்டு ஆராய்ச்சிக்கு, அந்தக் கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனம் 50 கோடி டொலர் கொடுத்தது. பணம் கம்பனியுடையது, ஆனால் யாருக்கு ஆய்வு கொடுப்பது என்பதைத் தனியான சபையொன்று போட்டி முறையில் தீர்மானித்தது, தரவை எல்லாம் பகிரங்கமாக வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கனடாவில் 1983 முதல் கம்பனிகளிடம் வரியாக அறவிட்டு நடத்தும் சுற்றாடல் ஆய்வு நிதியம் ஒன்று உண்டு. அதன் முகாமைச் சபையில் அரசாங்கத்தார், கம்பனியார், பொதுமக்கள் சார்பில் சிலர் என்று மூவகையினரும் இருக்கிறார்கள். அலாஸ்காவில் எக்ஸன் வல்டீஸ் விபத்துக்குப் பின் உருவான பிரதேசப் பிரஜைகள் ஆலோசனைச் சபையில் மீனவர் அமைப்புகளுக்கு ஆசனம் உண்டு. அதற்குப் பணம் கொடுப்பது எண்ணெய்க்குழாய்க் கம்பனி, ஆனால் ஒப்பந்தப்படி அதன் சொல்லில் கம்பனி கைவைக்க முடியாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுவே.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்க அலாஸ்கா வரை போகவும் தேவையில்லை. சுன்னாகம் நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில், எந்த நிபுணர் குழுவின் அறிக்கையை நம்புவது என்று தெரியாமல் சனங்கள் போத்தல் தண்ணீர் வாங்கிக் குடித்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. கிணறு தோறும் பழைய பரிசோதனை அறிக்கை இருந்திருந்தால் அந்தச் சனங்களின் அலைச்சல் எவ்வளவோ குறைந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எக்ஸன் வல்டீஸ் விடயத்தில், அரசாங்க விஞ்ஞானிகளின் தரவுகள் வழக்கு நடக்கிறது என்ற காரணத்தால் நெடுநாள் வெளியே விடப்படவில்லை. மீனவர்களும் அவற்றைப் பார்க்க முடியவில்லை. எங்களிடம் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வணிக இரகசியம் என்று சொல்லி மறுக்க 5 ஆம் பிரிவில் இடமிருந்தாலும், பொதுநலன் மேலோங்கினால் வெளியிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டத்தின் பின்னால் அலைவதைவிட, மாதிரி எடுக்கும் நாளிலேயே ஒரு பங்கைச் சங்கத்துக்கு அல்லது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கையளிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது எளிது. வாய்ச்சொல்லுக்கு இணங்க வேண்டாம்.

தீவகச் செயலாளர் எழுதியது:

நேரமெடுத்து எழுதிய அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. இந்தப் பதில்களை நிர்வாகக் குழுவில் வாசித்தேன். தூண்டிலும் வலையும் வேறுவேறாகப் பாதிக்கப்படும் என்ற செய்தியைக் கேட்டதும், அதுவரை பேசாமல் இருந்த தூண்டில்காரர்கள் எழுந்து, தங்களைத் தனியாகக் கணக்கெடுக்கும் நிபந்தனையை முதலாவதாக எழுதச் சொன்னார்கள். கட்டமாகப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிர்ப்பு இருக்கவில்லை.

ஆனால் மூத்த சம்மாட்டி (படகு வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் நடத்துபவர்) ஒருவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இழுவைப்படகுகள் இத்தனை ஆண்டுகளாக எங்கள் கடலடியை வழித்துத் துடைத்துவிட்டன. இப்போது ஆய்வாளர் வந்து அளந்தால், இங்கே ஒன்றுமே இல்லை, இது ஏற்கெனவே கெட்ட கடல் என்றுதான் எழுதுவார்கள். இழக்க ஒன்றுமில்லாத இடத்தில் கிணறு தோண்டினால் என்ன என்று கம்பனி கேட்பதற்கு அந்த அறிக்கையே சாட்சியாகாதா?

நீரியல் ஆசிரியன் எழுதியது:

அந்தச் சம்மாட்டி ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆய்வை வடிவமைப்பவர்கள் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

மாதிரி எடுக்கும் இடங்களை யார் தெரிவு செய்கிறார் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. இழுவைப்படகு ஓடும் பகுதியில் மட்டும் மண் எடுத்தால் அவர் சொன்னதுதான் நடக்கும். பாறையும் முருகைக்கல்லும் காரணமாக இழுவைப்படகு நுழைய முடியாத இடங்கள், களங்கண்டி நிற்கும் ஆழங்குறைந்த இடங்கள், சாதாழை இன்னும் தழைத்திருக்கும் இடங்கள் எவை என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியும். அத்தகைய இடங்களையும், வழித்த இடங்களையும் சம எண்ணிக்கையில் எடுத்து ஒப்பிட்டால், இழுவைப்படகின் சேதம் எவ்வளவு என்பது தனியாக வெளிவரும். எதிர்காலத்தில் கிணறு ஒன்று வந்து அதனால் சேதம் ஏற்பட்டால், அதையும் இழுவைப்படகின் கணக்கில் எழுதித் தப்ப இயலாது. அளக்காமல் விட்டாலோ, எல்லாச் சேதத்தையும் இழுவைப்படகின் மேல் போடுவது கம்பனிக்கு மிக இலகு. 2017 இல் இந்நாட்டில் இழுவைமடி சட்டத்தால் தடைசெய்யப்பட்டும் அது நிற்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி ஆகையால், நீதிமன்றமும் அதனை நம்பக்கூடும்.

கெட்ட கடல் என்ற சொல்லையும் ஏற்க வேண்டாம். வழித்த கடலடி, வழிப்பது நின்றால் மீளத் தொடங்கும். புழுவும் சிப்பியும் முன்னதாகவும், சாதாழை பின்னதாகவும் வரும். மீளும் நிலையில் உள்ள இடத்தில் எண்ணெய்க் கழிவு படிவது கூடுதல் பாதிப்பு என்று வாதிடலாம். எதிர்க்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அங்கும் இழுவைப்படகு ஓடிய கடல்தான். சாதாழை இன்னும் இருக்கிறது, கடற்பசு வருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருந்தபடியாலேயே அறிவிக்க முடிந்தது.

பேர்கன்வாசி எழுதியது:

ஆசிரியர் சொன்னதோடு ஒரு சிறு விடயம். இடத்தெரிவில் சங்கம் பங்குபற்றினால், அந்த இடங்களை ஆய்வு முடியும்வரை மாற்றக்கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். காற்றுக் கடுமை, படகுச் செலவு என்று ஏதாவது சாட்டுச் சொல்லி, இரண்டாம் ஆண்டில் கரைக்கு அண்மையான வேறு இடத்துக்கு மாறிவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. இடம் மாறினால் முதலாண்டு அளவீட்டோடு ஒப்பிட முடியாது. செலவழித்த பணம் கடலில் போட்டதுதான். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஆள் ஒருவர் படகில் இருந்து, நாள், நேரம், ஆழம், அரிதட்டின் கண்ணளவு ஆகியவற்றைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொள்ளட்டும்.

வடமராட்சி ஓடி எழுதியது:

கட்டமாகக் கொடுப்பதென்றால் எங்கள் துறையும் சேரும். குறிப்புப் புத்தகம் சங்க அலுமாரியில் இருக்க வேண்டும், திறப்பு இருவரிடம் இருக்க வேண்டும். செயலாளர் தம்பி கடிதத்தை எழுதி முடித்ததும் பிரதி ஒன்றை எங்கள் சமாசத்துக்கும் அனுப்பினால், ஒரே நிபந்தனைகளோடு இரண்டு சங்கங்களும் கையொப்பமிடலாம். ஒரு சங்கம் மறுத்தால் அடுத்த ஊருக்குப் போய்க் குறைந்த நிபந்தனையோடு ஆள் பிடிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.